டான்யூப் கரையில் குடும்பத்தோடு ஒரு வாரம்: சைக்கிள் குழுப் பயணத்துக்கு முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

ஜெர்மனியின் எல்லையில் இருக்கும் பாசாவ் ஊரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரைக்கும் டான்யூப் ஆற்றை ஒட்டியே ஒரு சைக்கிள் பாதை போகிறது. முழுவதும் ஓட்டினால் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். 2025 மே 24 முதல் 31 வரை நானும் மனைவியும், 13 வயது மகளும் 9 வயது மகனும், வழிகாட்டி கூடவே வரும் ஒரு குழுவில் சேர்ந்து இந்தப் பாதையில் போய்வந்தோம்.

ஓட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. ஆறு போகிற திசையிலேயே போவதால் பாதை பெரும்பாலும் சமதளம். சிரமமெல்லாம் கிளம்புவதற்கு முந்தைய ஐந்து மாதங்களில்தான். விசா விண்ணப்பத்தில் ஒரே ஒரு கடிதம் சரியாக இல்லாததால், விமானம் ஏற எட்டு நாள் இருக்கும்போதுதான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அதுவரை வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் பணம் போகும், நாளும் போகும்.

1. கடைக்குட்டியின் கால்களை வைத்து முடிவெடுங்கள்

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்பதை உங்களை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வீட்டிலேயே சின்னவர் எவ்வளவு தூரம் அழாமல் ஓட்டுவார் என்பதுதான் கணக்கு. பாசாவ்-வியன்னா பயணத்தை எட்டு நாள், ஏழு இரவு என்றுதான் பெரும்பாலும் விற்கிறார்கள். அதில் ஆறு நாள் ஓட்டம். முழுத் தூரத்தையும் ஆறால் வகுத்தால் நாளைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஒன்பது வயதுப் பையனுக்கு அது அதிகம்.

குடும்பங்களுக்கென்று தனியாக நடத்தும் தேதிகளில் இரண்டு மூன்று இடங்களில் ரயிலையோ படகையோ வைத்துத் தூரத்தைக் குறைத்திருப்பார்கள். எங்கள் பயணத்தில் லின்ஸ் நகரத்திலிருந்து மவுத்தவுசன் வரை ரயில். கடைசி நாளில் கிரெம்ஸ் ஊரிலிருந்து டுல்ன் வரை சைக்கிள், அங்கிருந்து வியன்னாவுக்கு ரயில். இப்படிக் குறைத்த பிறகு தினமும் 35 முதல் 50 கிலோமீட்டர்தான்.

ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளை என்றால், பெரியவர் சைக்கிளின் பின்னால் கொக்கி போட்டு மாட்டும் ஒற்றைச்சக்கரக் குட்டி சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். குழந்தையும் பெடல் மிதிக்கலாம், மிதிக்காமலும் உட்காரலாம். அதைவிடச் சிறிய குழந்தைக்குப் பின்னால் இழுக்கும் வண்டி இருக்கிறது. இரண்டுமே எண்ணிக்கையில் குறைவு. பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

2. வழிகாட்டி உண்மையிலேயே வருகிறாரா என்று பாருங்கள்

முதல் பொறி இது. டான்யூப் பாதையில் விற்கும் பேக்கேஜ்களில் பெரும்பாலானவற்றில் வழிகாட்டி கிடையாது. தங்குமிடம், சைக்கிள், பெட்டியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஓட்டுவது மட்டும் வரைபடத்தை வைத்துக்கொண்டு நீங்களே. அனுபவம் உள்ளவர்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான், விலையும் குறைவு. முதல்முறை, குழந்தைகளோடு, மொழி தெரியாத நாட்டில் என்றால் வழிகாட்டியோடு போங்கள். என் மகனின் டயர் இரண்டாம் நாள் பஞ்சரானது. வழிகாட்டி பத்து நிமிடத்தில் டியூப் மாற்றிக் கொடுத்தார். நான் தனியாக இருந்திருந்தால் அந்த மதியம் முழுவதும் அதிலேயே போயிருக்கும்.

கேட்க வேண்டியவை: வழிகாட்டி எல்லா நாளும் கூடவே சைக்கிளில் வருவாரா? ஆங்கிலத்தில் பேசுவாரா, ஜெர்மன் மட்டும்தானா? எத்தனை வயதுக்கு மேல் சேர்த்துக்கொள்வார்கள்? வழக்கமான குழுக்களில் 12 அல்லது 14 வயது என்று வரம்பு வைத்திருப்பார்கள். அதனால்தான் குடும்பத் தேதிகளைத் தேடச் சொல்கிறேன்.

3. குழு கட்டாயம் கிளம்புமா என்று எழுத்தில் வாங்குங்கள்

குழுப் பயணத்துக்குக் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை வைத்திருப்பார்கள். அது சேராவிட்டால் பயணத்தை ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. ஐரோப்பியப் பேக்கேஜ் சட்டப்படி, ஆறு நாளுக்கு மேற்பட்ட பயணம் என்றால் புறப்பாட்டுக்கு 20 நாள் முன்புவரை இந்தக் காரணத்துக்காக ரத்து செய்யலாம். கட்டிய பணம் முழுவதும் திரும்ப வரும். ஆனால் நீங்கள் தனியாக எடுத்த விமான டிக்கெட்டுக்கு அவர்கள் பொறுப்பில்லை.

நான்கு பேருக்கு இங்கிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, மூன்று வாரம் இருக்கும்போது குழு இல்லை என்று மின்னஞ்சல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் ஆள் ஏற்கெனவே சேர்ந்து, புறப்பாடு உறுதி என்று அறிவித்த தேதியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். உறுதி இல்லையென்றால், என்றைக்கு முடிவு தெரியும் என்று கேளுங்கள்.

முன்பணமாக நாங்கள் 20 சதவீதம் கட்டினோம். மீதி, புறப்பாட்டுக்கு நான்கு வாரம் முன்பு. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் இப்போதே கேளுங்கள். பொதுவாக அதை நீங்களாக ரத்து செய்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும்.

4. பெயரையும் இனிஷியலையும் சரிபாருங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கென்றே இருக்கிற பிரச்சினை இது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. மகளின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. மகனின் பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். பயண நிறுவனத்தின் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது.

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுத வேண்டும் என்பதை மட்டும் விடாதீர்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் நிறுவனத்துக்குத் தனியாக மின்னஞ்சல் போட்டு, பாஸ்போர்ட் நகலை இணைத்து, உறுதிக் கடிதத்தில் பெயர் எப்படி வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் பழைய பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும். புதிதாக ஆங்கிலத்தில் எடுக்க முடிந்தால் அதையே எடுத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாகக்கூடியதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டை முக்கியமாகப் பாருங்கள். அவர்களுடையது ஐந்து ஆண்டில் முடிந்துவிடும்.

5. விசா

இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் நாங்கள் தடுமாறியது இங்கேதான்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? பயணம் ஜெர்மனியில் தொடங்குகிறது, விமானமும் மியூனிக்கில் இறங்குகிறது என்பதால் ஜெர்மன் விசா என்று பலர் நினைக்கிறார்கள். ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விதிப்படி எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் கணக்கு இது: பாசாவில் இரண்டு இரவு, ஆஸ்திரியாவில் எட்டு இரவு. ஆகவே ஆஸ்திரியா. இரவுகளை ஊர்வாரியாக ஒரு தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள்.

எப்போது? பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள் ஆகும், கூடுதல் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை போகலாம். நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில்தான் என்பதால் எல்லாக் குடும்பங்களும் மார்ச் மாதத்திலேயே மோதும். நாங்கள் ஜனவரியில் பயணத்தைப் பதிவு செய்துவிட்டு, விசாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். சென்னை விசா விண்ணப்ப மையத்தில் நான்கு பேருக்கும் ஒரே நாளில் நேரம் கிடைத்தது ஏப்ரல் 8-ல்தான். திருச்சியிலிருந்து இரவு ரயிலில் போய்க் காலையில் வரிசையில் நின்றோம். மே மாதப் பயணத்துக்குப் பிப்ரவரியில் நேரம் எடுங்கள்.

தங்குமிடச் சான்று. எங்களைச் சிக்கவைத்தது இதுதான். பயண நிறுவனம் எங்களுக்குத் தந்த உறுதிக் கடிதத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. கூட மூன்று பேர் என்று எண்ணிக்கை போட்டிருந்தார்கள். ஹோட்டல் பெயர் எதுவும் இல்லை. ஹோட்டல் பட்டியலைப் புறப்பாட்டுக்கு மூன்று வாரம் முன்புதான் அனுப்புவார்களாம். விசாவுக்கோ ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறோம், யார் யார் தங்குகிறோம் என்பதற்குச் சான்று வேண்டும். விண்ணப்பம் கொடுத்து எட்டு நாளில் கூடுதல் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. நிறுவனத்திடம் கெஞ்சிப் புதுக் கடிதம் வாங்கி அனுப்புவதற்குள் ஈஸ்டர் விடுமுறை குறுக்கே வந்துவிட்டது.

நீங்கள் முன்பணம் கட்டும் அன்றைக்கே விசாவுக்கென்று ஒரு கடிதம் கேளுங்கள். அதில் இவை இருக்க வேண்டும்:

- நான்கு பேரின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்
- பயணம் தொடங்கும், முடியும் தேதி
- ஒவ்வொரு இரவுக்கும் ஊர், ஹோட்டல் பெயர், முகவரி
- கட்டிய தொகை, மீதித் தொகை
- நிறுவனத்தின் முத்திரை, கையெழுத்து

ஹோட்டல் இன்னும் முடிவாகவில்லை என்றால், தற்காலிகப் பட்டியலாவது கொடுங்கள் என்று விடாமல் கேளுங்கள். பயணத்துக்கு முன்னும் பின்னும் நீங்களே தங்கும் இரவுகளுக்கும் பதிவுச் சான்று சேருங்கள். ஓர் இரவுகூட விட்டுப்போகக் கூடாது.

மற்ற ஆவணங்கள்: வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, அலுவலக விடுப்புக் கடிதம், பிள்ளைகளின் பள்ளியிலிருந்து ஒரு சான்று, பிறப்புச் சான்றிதழ், 35-க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், போகவரப் பயணத் திட்டம். விண்ணப்பத்துக்குச் சற்று முன்பு கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் தாள் வையுங்கள். பிள்ளைகளின் படிவத்தில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். 12 வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். விசாவுக்கு அது போதும். உங்களுக்கு அது போதாது. சாகச விளையாட்டு என்று சொல்லி சைக்கிள் விபத்தை விலக்கியிருக்கிறார்களா என்று விதிமுறைத் தாளில் பாருங்கள். சந்தேகமாக இருந்தால், பல நாள் சைக்கிள் பயணம் என்று எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம்: பெரியவர்களுக்கும் 12 வயது நிரம்பியவர்களுக்கும் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தால் இந்தப் பணம் திரும்ப வராது.

6. விமானம், ரயில்

விண்ணப்பத்தோடு காட்ட, பணம் முழுதும் கட்டாத முன்பதிவு போதும். குழு உறுதியாகி விசாவும் வந்த பிறகு டிக்கெட் எடுப்பதுதான் பாதுகாப்பு. அதுவரை பொறுத்தால் விலை ஏறும் என்று பயந்தால், தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட்டாக எடுங்கள்.

போகும்போது மியூனிக்கில் இறங்கி, திரும்பும்போது வியன்னாவில் ஏறுவதாக எடுத்தால் திரும்பி வரும் ரயில் செலவு மிச்சம். மியூனிக் விமான நிலையத்திலிருந்து லண்ட்ஸ்ஹுட் வரை ஒரு ரயில், அங்கே மாறி பாசாவுக்கு இன்னொன்று. பவேரியா டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. பவேரியா முழுவதும் அன்றைக்கு உள்ளூர் ரயில்களில் போகலாம், 15 வயதுக்குட்பட்ட சொந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகக் காசு இல்லை. வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். அதிவேக ரயிலில் இந்த டிக்கெட்டோடு ஏறக் கூடாது.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புது முறை தொடங்கியிருக்கிறது. ஐரோப்பாவுக்குள் இன்னொரு விமானம் மாறுவதாக இருந்தால் இடைவெளியைத் தாராளமாக வையுங்கள். குழு கூடும் நாளிலேயே போய் இறங்காதீர்கள். ஒருநாள் முன்னதாகப் போனால் பிள்ளைகளின் தூக்கம் ஓரளவு சரியாகும்.

7. சைக்கிள் படிவத்தை அவசரமாக நிரப்பாதீர்கள்

எல்லோருடைய உயரத்தையும் சென்டிமீட்டரில் கேட்பார்கள். பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்து எழுதுங்கள். ஜனவரியில் அளந்தால் ஏப்ரலில் இன்னொரு முறை அளந்து திருத்தி அனுப்புங்கள்.

அடுத்து பிரேக். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாடகை சைக்கிள்களில் ஒரு வகைக்குப் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். இன்னொரு வகை நம் ஊர் சைக்கிள் போல, பின்னோக்கிச் சுழற்றினால் சும்மா சுற்றும். படிவத்தில் இது ஒரு சின்னக் கட்டம்தான். நான் கவனிக்காமல் முதல் வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பாசாவில் சைக்கிள் வாங்கியதும் மகன் ஏறி நாலு மிதி மிதித்தான். வழக்கம்போலக் காலைப் பின்னுக்குச் சுழற்றினான். சைக்கிள் அப்படியே நின்றது, அவன் முன்னால் போய் ஹேண்டில் பாரில் மோதினான். உதடு வீங்கியதோடு போயிற்று. நல்லவேளையாக அவர்களிடம் மாற்று சைக்கிள் இருந்தது.

இன்னொன்று: நம் சைக்கிள்களில் முன்சக்கரப் பிரேக் பெரும்பாலும் வலது கையில். அங்கே அது இடது கையில். அவசரத்தில் இடது கையை மட்டும் அழுத்தினால் ஆள் முன்னால் தூக்கி எறியப்படுவார். முதல் அரைமணி நேரம் வெறும் மைதானத்தில் இரண்டு கையையும் சேர்த்து மெதுவாக அழுத்திப் பழகச் சொல்லுங்கள்.

மின்சார சைக்கிள் வாடகை சாதாரண சைக்கிளைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வீட்டில் ஒருவருக்கு மட்டும் எடுத்தால் போதும், அதுவும் ஓட்டிப் பழக்கம் குறைந்தவருக்கு. என் மனைவி எடுத்தார். எதிர்க்காற்று அடித்த இரண்டு நாளில் அதன் அருமை தெரிந்தது.

தலைக்கவசத்தை இங்கிருந்தே கொண்டுபோங்கள். ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது சட்டப்படி கட்டாயம், பின்னால் இழுக்கும் வண்டியில் உட்கார்ந்திருந்தாலும்கூட. அளவு பார்த்து வாங்கிப் போட்டுப் பழகியது இருந்தால் பிள்ளைகள் கழற்றி எறிய மாட்டார்கள். பெரியவர்களும் போடுங்கள்.

8. மூன்று மாதப் பழக்கம்

ஒருநாள் 40 கிலோமீட்டர் ஓட்டுவது பெரிய காரியமில்லை. மறுநாள் காலை அதே சீட்டில் திரும்ப உட்காருவதுதான் கஷ்டம். அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஓட்டிப் பழகுங்கள். நாங்கள் திருவானைக்காவலிலிருந்து காவிரிக் கரையோரமாகக் கல்லணை வரை போய்த் திரும்பினோம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆற்றங்கரை, நிழல், சமதளம் எல்லாமே டான்யூப் பாதைக்கு நல்ல ஒத்திகை. ஆறாவது வாரத்தில் மகன் தண்ணீர் குடிக்க மட்டும் நின்று முழுத் தூரத்தையும் முடித்தான். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். உரசும் இடத்தில் காலையில் கொஞ்சம் வாசலின். பெண்கள் அதன் மேல் லெக்கிங்ஸ், குர்தா போடலாம். துப்பட்டா மட்டும் வேண்டாம், சக்கரத்தில் மாட்டும்.

9. மூட்டை

பெட்டியை தினமும் காலையில் ஹோட்டல் வரவேற்பறையில் வைத்துவிட்டால் சாயங்காலம் அடுத்த ஹோட்டலில் இருக்கும். ஆளுக்கு ஒன்று, 20 கிலோவுக்குள். எத்தனை மணிக்குள் வைக்க வேண்டும் என்பதை முதல் நாளே கேளுங்கள். எங்களுக்கு எட்டரை. ஒருநாள் பிள்ளைகளை எழுப்பத் தாமதமாகி, ஓடிப்போய் வண்டியில் ஏற்றினேன்.

சைக்கிளோடு வரும் பக்கப்பையில் கூடவே எடுத்துப் போக வேண்டியது: மழைக்கோட்டு, பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடை, மருந்து, பாஸ்போர்ட், தின்பண்டம். பாஸ்போர்ட்டை ஒருபோதும் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். மே மாதம் என்றாலும் காலையில் நல்ல குளிர். மெல்லிய கையுறையும் காதை மூடும் துணியும் தேவைப்பட்டன.

10. பாதையில்

வலப்பக்கம். சைக்கிளில் ஏறியவுடன் நம் கை தானாக இடது ஓரத்துக்குப் போகும். ஓய்வுக்கு நின்று மறுபடி கிளம்பும்போதும், கிளைச்சாலையில் திரும்பும்போதும்தான் ஆபத்து. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மகள் "வலது" என்று சத்தமாகச் சொல்வாள். அது பழக்கமாகிவிட்டது. முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் அங்கே அபராதம். அவசரத்துக்கு 112.

குழுவில் எல்லோரும் ஒட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. காலையில் வழிகாட்டி அன்றைய சந்திப்பு இடங்களைச் சொல்வார். அவரவர் வேகத்தில் போய் அங்கே சேரலாம். பிள்ளைகளோடு வரும் குடும்பம் கடைசியில் வந்தால் யாரும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் குழுவிலிருந்த வயதான ஒரு தம்பதி வேண்டுமென்றே எங்களோடு பின்தங்கி வந்தார்கள்.

கடை அடைப்பு. ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். மே, ஜூன் மாதங்களில் வியாழக்கிழமை வரும் கிறிஸ்தவ விடுமுறைகளும் உண்டு. நாங்கள் போன வாரத்தில் மே 29 அப்படி ஒரு நாள். முதல் நாள் மாலையே ரொட்டி, பழம், தயிர் வாங்கி வைக்காததால் அன்று மதியம் வெறும் பிஸ்கட். கிராமத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வாரத்தில் ஒருநாள் இரண்டுநாள் ஓய்வு உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவின்போதே எழுதிவிடுங்கள். சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்தது, காய்கறிதான் கண்ணுக்குத் தெரியும், கேட்டுவிட்டுக் குடியுங்கள். பாலாடைக்கட்டி சேர்த்த கேசெஷ்பெட்ஸ்லே என்ற மாவு உணவும், சர்க்கரை தூவிப் பிய்த்துப் போட்ட கைசர்ஷ்மாரன் என்ற தடித்த பான்கேக்கும் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. இரண்டிலும் முட்டை உண்டு. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பொடி டப்பாவும் ஊறுகாயும் நான்காம் நாளிலிருந்து விலைமதிப்பில்லாத பொருட்கள்.

சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றைக் கடக்கும் சிறு படகுகளுக்கு. வாஹாவ் பள்ளத்தாக்கில் ஷ்பிட்ஸ் என்ற ஊரில் ஒரு படகு இருக்கிறது. அதற்கு எஞ்சின் கிடையாது. ஆற்றுக்கு மேலே குறுக்காகக் கட்டிய இரும்புக் கயிற்றில் படகு மாட்டியிருக்கிறது. படகோட்டி சுக்கானைத் திருப்பினார். ஓடுகிற தண்ணீரே எங்களையும் சைக்கிள்களையும் ஒரு காரையும் பக்கவாட்டில் தள்ளி அக்கரைக்குக் கொண்டுபோனது. தண்ணீர் பலகையில் மோதும் சத்தம் மட்டும்தான். மகன் கம்பியைப் பிடித்தபடி, "எப்பப்பா ஸ்டார்ட் பண்ணுவாங்க?" என்று கேட்டபோது நாங்கள் நடு ஆற்றில் இருந்தோம். அட்டவணையில் நேரம் இறுக்கமாக இருந்தாலும் இந்தப் படகை விடாதீர்கள்.

மவுத்தவுசனில் நாஜி வதைமுகாம் நினைவிடம் இருக்கிறது. பாதையிலிருந்து விலகி மேடு ஏற வேண்டும். சிறு பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். எங்களில் நான் மட்டும் போனேன், மற்ற மூவரும் ஆற்றோரம் காத்திருந்தார்கள்.

11. எங்களுக்கு ஆன செலவு

நால்வருக்கும் பேக்கேஜ் 4,065 யூரோ (காலை உணவு உண்டு, மற்ற வேளைகள் இல்லை, பெற்றோர் அறையில் கூடுதல் கட்டில் என்பதால் பிள்ளைகளுக்குச் சலுகை). சைக்கிள் வாடகை 580 யூரோ. கார்டில் கட்டியதற்கு வங்கி பிடித்த மாற்றுக் கட்டணம் கிட்டத்தட்ட 19,000 ரூபாய். விமானம் 2,60,000. விசா, சேவைக் கட்டணம், சென்னை போய்வந்தது எல்லாம் சேர்த்து 43,000. காப்பீடு 6,000. ரயில்கள் 15,000. வியன்னாவில் கூடுதல் இரவுகள் 36,000. மதியம், இரவுச் சாப்பாடு, படகுகள், நுழைவுச் சீட்டு, ஊர் வரி எல்லாம் சேர்ந்து 900 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் ஒன்பது லட்சத்து முப்பதாயிரத்துக்குச் சற்று மேல்.

ஊர் வரி பேக்கேஜில் சேராது, ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள். இந்தியாவில் உள்ள ஏஜென்ட் வழியாகப் பணம் கட்டினால் டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். விகிதம் அவ்வப்போது மாறுகிறது, கட்டும் நாளில் கேளுங்கள். பிடித்த தொகையை வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் கட்டும்போது கையில் இருந்தாக வேண்டும்.

12. கடைசி நாள்

டுல்ன் நிலையத்தில் ரயில் ஏற சைக்கிளுக்கும் தனி டிக்கெட் வேண்டும். அதை வழிகாட்டி எடுத்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது பூட்டு, சாவி, பக்கப்பை, மின்சார சைக்கிளின் சார்ஜர் நான்கையும் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பக்கப்பையின் அடியில் இருக்கும் சின்ன ஜிப் அறையையும் திறந்து பாருங்கள். என் மகளின் மூக்குக்கண்ணாடி அதில்தான் இருந்தது.